எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி: சேர்க்கையிலிருந்து வைவா வரை, செட்டிநாட்டு மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்திலிருந்து பி.எஸ்ஸி. முடித்து எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜிக்கு வரும் பிள்ளைகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். பாடம் புரியாமல் நிற்பவர்கள் குறைவு. செய்ய வேண்டியதை வரிசை மாற்றிச் செய்துவிட்டு, நான்காம் செமஸ்டரில் நாள் போதாமல் தவிப்பவர்கள்தான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டி பாடத்திட்டத்தை விளக்கவில்லை. எதை எப்போது செய்ய வேண்டும், ஏன் அப்போதே செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது. லேபிலும் ப்ராஜெக்ட்டிலும்தான் இந்தப் படிப்பின் பயன் இருக்கிறது. அதனால் அந்தப் பகுதிகள் நீளமாக இருக்கும்.

1. சேர்க்கை: பி.எஸ்ஸி. கடைசி ஆண்டின் தொடக்கத்திலேயே

பலர் பி.எஸ்ஸி. ரிசல்ட் வந்த பிறகுதான் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அதற்குள் தேசியத் தேர்வுகளின் கதவு மூடியிருக்கும். ஐஐடிகளுக்கான ஜாம் தேர்வுக்கு செப்டம்பர், அக்டோபரில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. ஆகவே ஐந்தாம் செமஸ்டர் தொடங்கும்போதே ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஸ்கேன் செய்து கையில் இருக்க வேண்டும். ஓ.பி.சி. சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் தனியாக வாங்க வேண்டும். தாலுகா அலுவலகத்தில் அதற்கு நாள் பிடிக்கும்.

கேட்-பி (GAT-B) என்பது மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை ஆதரவு தரும் முதுகலைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு. நமக்குப் பக்கத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அப்படிப்பட்ட ஓர் இடம். தேர்வு மூன்று மணி நேரம், 240 மதிப்பெண். முதல் பகுதியில் பிளஸ் டூ தரத்தில் 60 கேள்விகள்: இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல். இரண்டாம் பகுதியில் பட்டப்படிப்புத் தரத்தில் 100 கேள்விகள், அதில் 60-க்கு விடையளித்தால் போதும். முதல் பகுதியில் சரியான விடைக்கு 1 மதிப்பெண், இரண்டாம் பகுதியில் 3. தவறான விடைக்கு முறையே அரை மதிப்பெண்ணும் 1 மதிப்பெண்ணும் கழியும். பிளஸ் டூவில் பியூர் சயின்ஸ் குரூப் எடுத்தவர்கள் முதல் பகுதியைப் பார்த்துப் பயந்து மூன்று மாதம் கணிதத்தில் மூழ்கிவிடுகிறார்கள். அது தேவையில்லை. மதிப்பெண்ணின் பெரும்பகுதி இரண்டாம் பகுதியில் இருக்கிறது. முதலில் அதை முடித்துவிட்டு மிச்ச நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுங்கள்.

காரைக்குடியிலேயே படிக்க நினைப்பவர்களுக்கு அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்பத் துறை இருக்கிறது. சேர்க்கை முறைக்கு அந்தந்த ஆண்டின் அறிவிப்பையே படியுங்கள். சீனியர் சொன்னதை நம்பி நாள் தவறியவர்கள் உண்டு.

எங்கே சேர்வதென்று முடிவு செய்வதற்கு முன், அந்தத் துறையில் நடக்கும் ஆராய்ச்சியைத் துறையின் இணையப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். அழகப்பாவில், எடுத்துக்காட்டாக, பாக்டீரியாக்கள் பரப்பில் ஒட்டி வளரும் படலமான பயோஃபிலிம் பற்றியும், சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்ற நுண்புழுவைக் கொண்டும் ஆய்வுகள் நடந்துவருகின்றன. தாவரத் திசு வளர்ப்புதான் ஆசை என்றால், அதற்கு ஆளும் கருவியும் உள்ள துறையைத் தேடுவதே சரி. நீங்கள் சேர்ந்த பிறகு துறை மாறப்போவதில்லை.

2. வகுப்பு தொடங்கும் முன்: லேப் கணக்கு

சேர்க்கை முடிந்து வகுப்பு தொடங்க இடையில் சில வாரங்கள் கிடைக்கும். அந்த நாட்களைப் பாடப் புத்தகத்துக்குக் கொடுக்காமல் கணக்குக்குக் கொடுங்கள். லேபில் புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பங்கு கரைசல் கலக்கும் கணக்கில்தான் வருகிறது. கணக்கு தப்பினால் அன்றைய வேலை மொத்தமும் வீண். அதுவும் வீண் என்று தெரியவே இரண்டு நாள் ஆகும்.

மூன்று கணக்குகள் தண்ணீர்பட்ட பாடாக வர வேண்டும்.

முதலாவது, மோலார் கரைசல். டிரிஸ் என்பது பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) தயாரிக்கும் பொருள். அதன் மூலக்கூறு எடை 121.14. 1 மோலார் டிரிஸ் 250 மில்லி வேண்டுமானால் 121.14 × 0.25 = 30.285 கிராம். இதை 250 மில்லி தண்ணீரில் கொட்டுவது தவறு. ஏறக்குறைய 200 மில்லியில் கரைத்து, பிஎச் சரிசெய்து, அதன் பிறகு 250-க்கு நிரப்ப வேண்டும். பிஎச் சரிசெய்யச் சேர்க்கும் அமிலமும் கன அளவைக் கூட்டும் என்பதால்தான் இந்த வரிசை.

இரண்டாவது, நீர்த்தல். அந்த 1 மோலார் கரைசலிலிருந்து 50 மில்லிமோலார் 100 மில்லி வேண்டும். 50 × 100 ÷ 1000 = 5 மில்லி. இருபுறமும் ஒரே அலகில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். மில்லிமோலாரையும் மோலாரையும் கலந்தால் ஆயிரம் மடங்கு தப்பும்.

மூன்றாவது, தொடர் நீர்த்தலும் காலனி எண்ணிக்கையும். 10⁻⁵ நீர்த்தலில் 0.1 மில்லி பரப்பி 84 காலனிகள் வந்தால், ஒரு கிராம் மண்ணில் 84 ÷ (0.1 × 10⁻⁵) = 8.4 × 10⁷. பிளேட்டில் பரப்பிய 0.1 மில்லியைக் கணக்கில் சேர்க்க மறந்து பத்து மடங்கு குறைவாக எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. 30-க்குக் குறைவாகவோ 300-க்கு மேலோ காலனிகள் உள்ள பிளேட்டை எண்ணிக்கைக்கு எடுக்க வேண்டாம்.

3. முதல் செமஸ்டர்: கை பழகும் வரிசை

பி.சி.ஆர். (டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் முறை), ஜெல் (டி.என்.ஏ.வை நீளப்படி பிரிக்கும் முறை) என்று பெரிய பெயர்களின் மேல் எல்லோருக்கும் முதல் நாளே ஆசை வரும். ஆனால் கை பழக வேண்டிய வரிசை வேறு: பைப்பெட், எடை, பிஎச், ஸ்டெரைல் (கிருமி கலக்காத) வேலை, மைக்ரோஸ்கோப், ஸ்பெக்ட்ரோ (கரைசல் உறிஞ்சும் ஒளியை அளக்கும் கருவி), அப்புறம்தான் டி.என்.ஏ. முந்தையது உறுதியாகாமல் அடுத்ததற்குப் போனால் தவறு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

பைப்பெட்டைச் சோதிக்க எளிய வழி உண்டு. தராசில் ஒரு சிறு குப்பியை வைத்து, 100 மைக்ரோலிட்டர் டிஸ்டில்டு வாட்டரைப் பத்து முறை விடுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 0.1 கிராம் கூட வேண்டும். பத்து எண்ணும் நெருங்கி இருந்து, எல்லாமே 0.1-லிருந்து ஒரே பக்கம் விலகி இருந்தால் பைப்பெட்டில் கோளாறு. எண்கள் சிதறினால் உங்கள் கை இன்னும் பழகவில்லை. பெரும்பாலானவர்கள் உறிஞ்சும்போது இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்துகிறார்கள். அங்கேதான் அளவு கூடுகிறது.

ஸ்டெரைல் வேலையில் இரண்டு விஷயம். ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தால் கிருமி நீக்கும் கருவி) 121 டிகிரி செல்சியஸ், 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த 15 நிமிடம், வெப்பநிலை 121-ஐத் தொட்ட பிறகு தொடங்குகிறது. உள்ளே இருக்கும் காற்றை முதலில் வெளியேற்றாவிட்டால் அழுத்தம் சரியாகக் காட்டும், வெப்பம் வந்திருக்காது. இன்னொன்று, ஆட்டோகிளேவில் போர் தண்ணீர் ஊற்ற வேண்டாம். உப்புப் படிந்து ஹீட்டர் போய்விடும். துறைக்கு ஒரே ஆட்டோகிளேவ் இருந்தால் அன்றைக்கு எல்லோருடைய வேலையும் நின்றுவிடும்.

கையில் எத்தனால் தேய்த்த ஈரத்தோடு சுடருக்குப் பக்கத்தில் போகாதீர்கள். காயும்வரை காத்திருங்கள். இதை ஒவ்வொரு புதிய பேட்ச்சுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

4. லேப் நோட்டு: முதல் நாளிலிருந்து

ரெக்கார்டு நோட்டு வேறு, லேப் நோட்டு வேறு. ரெக்கார்டு தேர்வாளருக்கு, லேப் நோட்டு உங்களுக்கு. பக்க எண் போட்ட கட்டு நோட்டு ஒன்று வாங்கிப் பேனாவால் எழுதுங்கள். அடித்தாலும் ஒற்றைக் கோட்டில் அடித்து, பழைய எண் தெரியும்படி விடுங்கள். துண்டுச் சீட்டில் எழுதி இரவில் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களின் சீட்டு கோட்டுப் பையோடு துவைக்கப்பட்டுவிடும்.

ஒவ்வொரு பதிவிலும் தேதி, கெமிக்கலின் நிறுவனப் பெயர், லாட் எண், கருவியின் பெயர், அன்றைய அறை வெப்பநிலை இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து ஒரு சோதனை திடீரென்று வேலை செய்யாமல் போனால், புதிதாக உடைத்த பாட்டில்தான் காரணம் என்று இந்தப் பதிவுதான் காட்டித்தரும்.

5. மூன்றாம் செமஸ்டரில் முடிக்க வேண்டியவை

பெரும்பாலான இடங்களில் ப்ராஜெக்ட் நான்காம் செமஸ்டரில். ஆனால் அதற்கான கேள்வி, கைடு, கெமிக்கல் இன்டென்ட் (வாங்கித் தரக் கோரும் பட்டியல்) ஆகிய மூன்றும் மூன்றாம் செமஸ்டரிலேயே முடிய வேண்டும். இந்த ஒன்றைச் செய்தவர்கள் நிம்மதியாக முடிக்கிறார்கள்.

கைடிடம் "சார், ஏதாவது டாபிக் கொடுங்க" என்று போகாதீர்கள். அவருடைய சமீபத்திய ஆய்வுக் கட்டுரைகளில் இரண்டைப் படித்துவிட்டு, படங்களையும் செய்முறையையும் புரிந்துகொண்டு, ஒரு கேள்வியோடு போங்கள். ஆங்கிலக் கட்டுரை படிக்கச் சிரமமாக இருந்தால் முன்னுரையில் தொடங்க வேண்டாம். முதலில் படங்கள், பிறகு செய்முறை, கடைசியில் முன்னுரை. செய்முறைப் பகுதியின் ஆங்கிலம் எளிமையானது, நீங்கள் லேபில் செய்ததையே சொல்வது.

கேள்வி சின்னதாக இருக்கட்டும். "மண்ணிலிருந்து பயனுள்ள நொதிகள்" என்பது தலைப்பு; அதில் கேள்வி இல்லை. "செக்கு ஆட்டும் இடத்து மண்ணில் லைபேஸ் (கொழுப்பை உடைக்கும் நொதி) சுரக்கும் பாக்டீரியா பக்கத்து மண்ணைவிட அதிகமா, அதன் நொதி சலவைத்தூள் கரைசலில் வேலை செய்யுமா" என்பது கேள்வி. ஆம், இல்லை என்று பதில் வரக்கூடியதைக் கேட்டால்தான் ஐந்து மாதத்தில் முடியும்.

விலங்கு, மனித இரத்தம், மரபணு மாற்றம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டால் நிறுவனக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகலாம். புதியவர்கள் முதல் ப்ராஜெக்ட்டுக்கு நுண்ணுயிர் வேலை எடுப்பது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிக்ரி என்று ஊரில் எல்லோரும் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியிலேயே இருக்கிறது. உயிர் உணரி, நுண்ணுயிர்களால் உலோகம் அரிப்பது போன்றவற்றில் ஆர்வமிருந்தால் அங்கே ப்ராஜெக்ட்டுக்குக் கேட்டுப் பார்க்கலாம். துறைத் தலைவரின் கடிதத்தோடு சில மாதங்கள் முன்பே விண்ணப்பியுங்கள். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்டுகளுக்குச் சிறு நிதி தருகிறது. கைடு வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள், சீக்வென்சிங் (டி.என்.ஏ. வரிசையைப் படித்தல்) செலவுக்கு உதவும்.

கெமிக்கல் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்: நாட்டுக்குள் கிடைப்பவை, இறக்குமதியாகிறவை. இறக்குமதிப் பொருள் வாரக் கணக்கில் தாமதமாகும். அதனால் அதன் இன்டென்ட்தான் முதலில் போக வேண்டும்.

6. ப்ராஜெக்ட், படிப்படியாக

மேலே சொன்ன செக்கு மண் கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் மாதிரிக்கு அலைய வேண்டாம் என்பதாலும், நுண்ணுயிரியல், நொதி, டி.என்.ஏ. மூன்றும் இதில் வந்துவிடும் என்பதாலும் இதைத் தேர்ந்தேன். உங்கள் தலைப்பு வேறாக இருந்தாலும் வரிசை பெரிதாக மாறாது.

*மாதிரி எடுத்தல்.* செக்கு வைத்திருக்கும் அண்ணனிடமோ ஆச்சியிடமோ எதற்கு என்று சொல்லிக் கேட்டுவிட்டு எடுங்கள். மேல் மண்ணை ஒதுக்கி, 5 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் ஸ்டெரைல் கரண்டியால் எடுத்து ஸ்டெரைல் குழாயில் போடுங்கள். கடலை, எள், தேங்காய் எது ஆட்டுகிறார்கள் என்பதையும் குறியுங்கள். அதே நாளில், எண்ணெய் படாத பக்கத்து இடத்து மண்ணும் எடுக்க வேண்டும். அந்த இரண்டாம் மண் இல்லாவிட்டால் உங்கள் கேள்வியின் முதல் பாதிக்குப் பதிலே இல்லை. பலர் இதை மறந்துவிட்டு மார்ச் மாதத்தில் மறுபடி ஓடுகிறார்கள். அதற்குள் பருவமும் மண்ணின் ஈரமும் மாறியிருக்கும். மாதிரியை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து அன்றே வேலையைத் தொடங்குங்கள்.

*எண்ணிக்கையும் செறிவூட்டலும்.* மண்ணை நேரடியாக நீர்த்துப் பரப்பி எண்ணிக்கை எடுங்கள். தனியாக ஒரு ஃபிளாஸ்க்கில் 1% எண்ணெய் சேர்த்த உப்பு மீடியத்தில் சில நாள் ஷேக்கரில் வைத்துச் செறிவூட்டுங்கள். செறிவூட்டிய ஃபிளாஸ்க்கிலிருந்து எண்ணிக்கை சொல்லக் கூடாது. அங்கே எண்ணெய் தின்னும் பாக்டீரியா பெருகிவிட்டிருக்கும், மண்ணின் நிலை அதில் தெரியாது.

*தேர்ந்தெடுத்தல்.* டிரைபியூட்டிரின் சேர்த்த அகாரில் காலனியைச் சுற்றித் தெளிந்த வளையம் வந்தால் எல்லோரும் "லைபேஸ் கிடைத்துவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். டிரைபியூட்டிரின் குட்டைச் சங்கிலிக் கொழுப்பு. அதை எஸ்டரேஸ் நொதியும் உடைக்கும். அதனால் அடுத்ததாக ஆலிவ் எண்ணெயும் ரோடமின் பி சாயமும் சேர்த்த அகாரில் வைத்து, புற ஊதா ஒளியில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் தேறியதை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். வைவாவில் வெளித் தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் லைபேஸா எஸ்டரேஸா என்பதுதான்.

*தூய்மைப்படுத்தலும் சேமிப்பும்.* ஒரு காலனியைக் குறைந்தது மூன்று முறை ஸ்ட்ரீக் செய்யுங்கள் (பிளேட்டில் கோடாக இழுத்துத் தனிக் காலனியாகப் பிரிப்பது). தூய்மையானது என்று உறுதியானதும், அன்றைக்கே, வேறெந்தச் சோதனைக்கும் முன்பு, கிளிசரால் ஸ்டாக் போடுங்கள். புதிய கல்ச்சரில் ஸ்டெரைல் கிளிசரால் கடைசியில் 20 முதல் 25% வரும்படி கலந்து, மைனஸ் 80-ல் ஒரு செட், வேறு ஃப்ரீசரில் இன்னொரு செட். இதைத் தள்ளிப்போட்டவர்கள் ஒரே பிளேட்டில் உயிரை வைத்துக்கொண்டு, அது பூஞ்சை பிடித்த நாளில் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இந்த வரியை வையுங்கள்.

*கிராம் ஸ்டெயின்.* 18 முதல் 24 மணி நேரக் கல்ச்சரில் செய்யுங்கள். பேசில்லஸ் போன்றவை பழசானால் கிராம் பாசிட்டிவாக இருந்தும் இளஞ்சிவப்பாகத் தெரியும். அந்த ஒரு தவறு அடையாளம் காணும் வேலை முழுவதையும் வேறு திசையில் இழுத்துச் செல்லும்.

*பாதுகாப்பு.* மண்ணிலிருந்து வந்த, பெயர் தெரியாத பாக்டீரியா நோய் தரக்கூடியது என்றே வைத்துக்கொண்டு கையாளுங்கள். எண்ணெய் மண்ணில் சூடோமோனாஸ் எருகினோசா வருவது சகஜம். பச்சை நிறமி தெரிந்தால் கைடிடம் உடனே சொல்லுங்கள். அதன் லைபேஸ் நன்றாக வேலை செய்தாலும், பயன்பாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியுமா என்ற கேள்வி எழும். பயன்படுத்திய பிளேட் எதுவும் ஆட்டோகிளேவ் ஆகாமல் குப்பைக்குப் போகக் கூடாது.

*நொதி அளவீடு.* பாரா நைட்ரோபீனைல் பால்மிடேட் என்ற பொருளை லைபேஸ் உடைத்தால் மஞ்சள் நிறம் வரும். 410 நானோமீட்டரில் படிக்கிறோம். நிமிடத்துக்கு 1 மைக்ரோமோல் வெளியிடும் நொதி அளவு ஒரு யூனிட். 0.1 மில்லி நொதி 10 நிமிடத்தில் 1.2 மைக்ரோமோல் வெளியிட்டால், 1.2 ÷ 10 ÷ 0.1 = மில்லிக்கு 1.2 யூனிட்.

இங்கே மூன்று இடத்தில் கவனம் வேண்டும். நொதி இல்லாமலே இந்தப் பொருள், குறிப்பாகக் காரத்தில், தானாகச் சிதையும். அதனால் ஒவ்வொரு பிஎச்சுக்கும் ஒவ்வொரு வெப்பநிலைக்கும் கொதிக்க வைத்த நொதியோடு தனி கன்ட்ரோல் (ஒப்பிடுவதற்கான குழாய்) வேண்டும். அடுத்து, அந்த மஞ்சள் நிறமே பிஎச்சைப் பொறுத்தது. பிஎச் 5-ல் நொதி வேலை செய்தாலும் நிறம் தெரியாது. "அமிலத்தில் நொதி செயலிழக்கிறது" என்று எழுதப்பட்ட ஆய்வேடுகளில் சில உண்மையில் நிறம் செயலிழந்த கதைகள். வினையை நிறுத்தும்போது எல்லாக் குழாயிலும் சோடியம் கார்பனேட் சேர்த்து ஒரே காரநிலைக்குக் கொண்டுவந்து படியுங்கள். ஸ்டாண்டர்டு வரைபடமும் அதே நிலையில் போட வேண்டும். மூன்றாவது, ஸ்பெக்ட்ரோவின் அளவு 1-ஐத் தாண்டினால் நொதியை நீர்த்து மறுபடி செய்யுங்கள். அதற்கு மேல் வரும் எண்ணில் நேர்க்கோட்டு உறவை நம்ப முடியாது.

சென்ட்ரிஃப்யூஜ் வேகத்தை ஆர்.பி.எம்-ல் எழுதிவிட்டு விடாதீர்கள். ரோட்டரின் ஆரம் மாறினால் விசை மாறும். ஜி அலகில் விசை = 1.118 × 10⁻⁵ × ஆரம் சென்டிமீட்டரில் × ஆர்.பி.எம். வர்க்கம். 8 சென்டிமீட்டர் ரோட்டரில் 10,000 ஆர்.பி.எம். என்பது ஏறக்குறைய 8,900 ஜி.

*வளர்ச்சி வரைபடம்.* இரண்டு மணிக்கு ஒருமுறை 24 மணி நேரம் அளவெடுக்க வேண்டும், ஹாஸ்டல் கேட் மூடிவிடும், கடைசி பஸ் போய்விடும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. காலை 7 மணிக்கு ஒரு ஃபிளாஸ்க், மாலை 7 மணிக்கு இன்னொன்று, இரண்டுக்கும் ஒரே வயதுடைய சீட் கல்ச்சர் (ஃபிளாஸ்க்கில் முதலில் விடும் தொடக்கக் கல்ச்சர்). முதலாவதில் 0 முதல் 12 மணி நேரம் வரை அன்றே படித்துவிடலாம். இரண்டாவதில் 12 முதல் 24 வரை மறுநாள் பகலில் வரும். 12-ஆம் மணி இரண்டிலும் இருக்கிறது. அந்த இரண்டு அளவும் ஒத்துப்போனால் வரைபடத்தை இணைக்கலாம். ஒத்துப்போகாவிட்டால் சீட் கல்ச்சரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

*மலிவான ஊட்டம்.* பயன்பாட்டு ஆய்வு என்று சொன்னால் செலவைப் பற்றிப் பேசியாக வேண்டும். புதுவயலில் அரிசி ஆலைகள் நிறைய; தவிடு எளிதாகக் கிடைக்கும். தவிட்டில் வளர்த்துப் பார்ப்பது நல்ல யோசனை. ஆனால் தவிட்டிலேயே இயற்கையாக லைபேஸ் உண்டு. தவிட்டு எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிப்பதற்கு அதுவே காரணம். பாக்டீரியா போடாத தவிட்டையும் ஆட்டோகிளேவ் செய்து கன்ட்ரோலாக வையுங்கள். சலவைத்தூள் சோதனையிலும் இதே கவனம்: பல தூள்களில் ஏற்கெனவே நொதிகள் சேர்த்திருக்கிறார்கள். கரைசலைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, பிறகு உங்கள் நொதியைச் சேருங்கள்.

*மூன்று என்றால் எந்த மூன்று.* ஒவ்வொரு அளவையும் மூன்று முறை எடுப்பது வழக்கம். ஒரு ஃபிளாஸ்க்கிலிருந்து மூன்று குவெட் (ஸ்பெக்ட்ரோவில் வைக்கும் சிறு குழாய்) படித்தால் அது உங்கள் பைப்பெட்டின் நேர்த்தியைத்தான் சொல்லும். தனித்தனியாக வளர்த்த மூன்று ஃபிளாஸ்க் படித்தால்தான் பாக்டீரியாவைப் பற்றிச் சொல்லும். வரைபடத்தில் பிழைக்கோடு போடும்போது எந்த மூன்று என்று எழுதுங்கள்.

*பெயர் கண்டுபிடித்தல்.* பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவை 27எஃப், 1492ஆர் பிரைமர்களால் பெருக்கினால் ஏறக்குறைய 1,500 பேஸ் நீளப் பட்டை வரும். தண்ணீர் மட்டும் போட்ட நெகட்டிவ் கன்ட்ரோலிலும் பட்டை வந்தால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள். ஒரு சாங்கர் ரீடில் (ஒருமுறை சீக்வென்ஸ் படிப்பதில்) முழு நீளமும் வராது, அதனால் இரு திசையிலும் சீக்வென்ஸ் கேளுங்கள். குரோமேட்டோகிராம் கோப்பைத் திறந்து பார்த்து, இரு முனையிலும் தெளிவில்லாததை வெட்டிய பிறகே பிளாஸ்ட் (இணையத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுதல்) செய்ய வேண்டும். பேசில்லஸ் சப்டிலிஸுக்கு நெருங்கிய இனங்களை 16எஸ் மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. 99% ஒற்றுமை வந்தாலும் அப்படிப்பட்ட இடத்தில் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது நேர்மை.

7. கோடையும் கரண்ட்டும்

நான்காம் செமஸ்டர் நம் ஊரில் கொளுத்தும் மாதங்களில் முடிகிறது. "அறை வெப்பநிலையில் வைத்தேன்" என்று எழுதினால் அதற்குப் பொருளே இல்லை. ஜனவரியில் ஒன்று, மே மாதத்தில் வேறொன்று. எண்ணை எழுதுங்கள். வெப்பநிலை ஏற ஏற டிரிஸ் பஃபரின் பிஎச் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.03 குறையும். ஏசி அறையில் சரிசெய்து 50 டிகிரியில் பயன்படுத்தினால் முக்கால் யூனிட் வரை விலகியிருக்கும். வெப்பநிலைச் சோதனைக்குப் பாஸ்பேட் பஃபர் பாதுகாப்பானது.

கரண்ட் போனால் ஃப்ரீசரைத் திறக்காதீர்கள். ஷேக்கர் நின்ற நேரத்தை நோட்டில் எழுதுங்கள், காற்றில்லாமல் நின்ற கல்ச்சரின் எண்கள் வேறுபடும். சில ஷேக்கர்கள் கரண்ட் வந்தாலும் தானாகத் தொடங்காது; காலையில் வந்ததும் முதலில் அதைப் பாருங்கள். நொதியை ஒரே குழாயில் உறையவைக்காமல் சின்னச் சின்னக் குழாய்களாகப் பிரித்து வைத்தால், உறைந்து உருகும் சேதம் ஒரு குழாயோடு போகும்.

8. ஆய்வேடு எழுதும் வரிசை

செய்முறைப் பகுதியை வேலை நடக்கும்போதே எழுதிவிடுங்கள். பிறகு படங்களையும் அட்டவணைகளையும் வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி முடிவு எழுதிப் பார்த்து, எழுத வராத படத்தை நீக்குங்கள். பிறகு முடிவுகள், விவாதம், கடைசியில் முன்னுரை. முன்னுரையை முதலில் எழுதுகிறவர்கள் பிறருடைய கட்டுரைகளிலிருந்து எடுத்து ஒட்டத் தொடங்கிவிடுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி ஒற்றுமை 10% வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40% வரை போனால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும்.

வேலை செய்யாத சோதனையையும் எழுதுங்கள். அதை மறைத்துவிட்டு எல்லாமே சரியாக வந்ததாகக் காட்டும் ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் கூர்ந்து துருவுவார்கள். அடுத்த பேட்ச் மாணவரும் அதே பள்ளத்தில் விழுவார்.

9. வைவா

உங்கள் எண்களை நீங்களே கேள்வி கேட்டுத் தயாராகுங்கள். ஏன் 37 டிகிரி? பிளாங்க்கில் என்ன இருந்தது? இந்தக் கன்ட்ரோல் எதை விலக்குகிறது? ஒரு யூனிட் என்றால் என்ன? இந்த நான்குக்கும் தமிழில் உங்கள் தோழிக்கு விளக்க முடிந்தால், ஆங்கிலத்தில் கொஞ்சம் தடுமாறினாலும் பாதகமில்லை. தெரியாத கேள்விக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, எப்படிச் சோதித்துப் பார்ப்பீர்கள் என்று சொல்லுங்கள்.

10. வைவா முடிந்த வாரத்தில்

கிளிசரால் ஸ்டாக் பட்டியல், லேப் நோட்டு, மூலத் தரவுக் கோப்புகள் மூன்றையும் கைடிடம் கொடுத்துவிட்டு, தரவின் நகலை அவர் அனுமதியோடு உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் லைஃப் சயின்சஸ், கேட் (GATE; முன்பு சொன்ன கேட்-பி அல்ல) இரண்டும் உண்டு. நெட் தேர்வின் மூன்றாம் பகுதியில் 75 கேள்விகளில் 25-க்கு விடையளித்தால் போதும், அதனால் எல்லாப் பாடத்தையும் மேலோட்டமாகப் படிப்பதைவிடச் சில அலகுகளை ஆழமாகப் படிப்பது பலன் தரும். தொழிற்சாலைக்குப் போக நினைப்பவர்கள், பயோடெக் கன்சார்ட்டியம் இந்தியா நிறுவனம் உயிர்த்தொழில்நுட்பத் துறைக்காக நடத்திவந்த ஆறு மாதத் தொழிற்பயிற்சித் திட்டத்தின் அறிவிப்பைத் தேடிப் பாருங்கள். உதவித்தொகையோடு நிறுவனத்திலேயே பயிற்சி. பயோடேட்டாவில் "பி.சி.ஆர். தெரியும்" என்று மட்டும் எழுதாமல், என்ன செய்தீர்கள், எந்த மரபணு, எத்தனை மாதிரி என்று எழுதுங்கள். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நேர்காணல் எடுப்பவர்கள் அதிலிருந்துதான் கேள்வியைத் தொடங்குவார்கள். லேப் நோட்டைப் பார்த்தே அந்த எண்களை எழுதிவிடலாம்.